அறுபத்திரண்டு டிகிரி

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஹாஜா மைதீனின் புது முட்டி அறுபத்திரண்டு டிகிரிக்கு மேல் மடங்க மாட்டேன் என்கிறது. முட்டி மாட்டேன் என்கிறதா, முட்டிக்குச் சொந்தக்காரர் மாட்டேன் என்கிறாரா என்று யாராவது கேட்டால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

தேய்ந்துபோன மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள். இது நூற்றுப் பத்து, நூற்றிருபது டிகிரி வரை மடங்கக்கூடியது, ஆனால் தினமும் மடக்கிப் பழக்கினால்தான் மடங்கும், முதல் மூன்று மாதத்தில் பழக்காவிட்டால் உள்ளே தழும்பு இறுகி அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். தலை நன்றாகத்தான் ஆடுகிறது. கால்தான் உலக்கை மாதிரி நீட்டியபடி கட்டிலில் கிடக்கிறது.

அவர் கால், அவர் பாடு என்று விட்டுவிடலாம்தான். விட முடியாததற்குக் காரணம் என் கால். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டையும் மாட்டிப் பார்த்த டாக்டர், அம்மாவுக்குத்தான் ரொம்ப மோசம், எலும்போடு எலும்பு உரசுகிறது, அம்மாவுக்கு முதலில் செய்துவிடலாம் என்றார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. பாகூர் கடைத்தெருவில் நாற்பது வருஷமாக மளிகைக் கடை வைத்திருப்பவர். வெல்ல மூட்டை வந்து நின்றால் ஓரத்தில் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுப் பார்க்காமல் இறக்க விட மாட்டார். அந்தப் பழக்கத்தை ஆபரேஷனுக்கும் கொண்டுவந்துவிட்டார். முதலில் தனக்குச் செய்து பார்ப்பாராம். முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கி, மனுஷன் மாதிரி நாற்காலியில் உட்கார முடிந்தால், அடுத்ததாக எனக்குச் செய்யலாமாம். சரக்கு நன்றாக இருந்தால்தானே மறு ஆர்டர்.

நானும் சரி என்றேன். டாக்டர் என் பேரை அடுத்த லிஸ்டில் எழுதி வைத்துக்கொண்டார். சரி என்றது என் முட்டாள்தனம். மூன்று வருஷமாக நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். சொந்த வீட்டு மொட்டை மாடியைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. ராத்திரி புரண்டு படுப்பதற்குக் கூட முட்டியிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. இத்தனையும் தீர வேண்டுமென்றால் இந்த மனிதரின் கால் மடங்க வேண்டும். என் தலையெழுத்தை அல்லா எங்கே எழுதியிருந்தானோ, அதை அழித்து இவர் முட்டியில் எழுதிக்கொண்டவள் நான்தான்.

மடக்கிவிடுவதற்கு என்றே கிருமாம்பாக்கத்திலிருந்து தமிழ்க்குமரன் என்கிற பிசியோதெரபி தம்பி திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பைக்கில் வருவார். தங்கமான பிள்ளை. பிளாஸ்டிக்கில் இரண்டு பட்டை சேர்த்த ஒரு ஸ்கேலை முட்டியின் பக்கத்தில் வைத்து எத்தனை டிகிரி என்று அளந்து நோட்டில் எழுதிக்கொள்வார். அவரிடம் இவர் செய்த அட்டகாசம் கொஞ்சமல்ல. அந்தத் தம்பி எழுபது என்றால் இவர் அறுபதுக்கு முடித்துக்கொள்ளலாம் என்பார். பத்து முறை மடக்கச் சொன்னால் ஆறோடு நிறுத்திவிட்டு, மீதியை வெள்ளிக்கிழமை சேர்த்துச் செய்துவிடுகிறேன் என்பார். நேரில் ஆள் இல்லாதபோது செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதிக் கொடுத்த தாள், கட்டிலுக்குப் பக்கத்தில் டீ டம்ளருக்குக் கீழே வட்டம் வட்டமாகக் கறைபட்டுக் கிடக்கிறது.

ஒருநாள் பேரம் படியவில்லை. உடனே மார்க்கத்தை இழுத்தார். "முடியாதவங்களுக்கு நோன்புலயே சலுகை இருக்கு தம்பி" என்றார். பாவம், அந்தத் தம்பி என் முகத்தைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அல்லா சலுகை கொடுத்தது நோன்புக்கும் தொழுகைக்கும். இவர் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பதற்கு எங்கே கொடுத்தான்?

இதற்கு ஊரும் ஒத்து ஊதியது. நோயாளியைப் பார்க்க வருவது நன்மையான காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆப்பிளையும் வைத்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். கடலூரில் ஒருத்தர் அவசரப்பட்டு மடக்கித் தையல் பிரிந்துவிட்டதாம். வில்லியனூரில் ஒருத்தருக்கு வைத்த மூட்டு நகர்ந்துவிட்டதாம். ஓய்வு எடுங்கள் பாய், ஓய்வு எடுங்கள் பாய் என்று சொல்லிச் சொல்லி இவரைக் கட்டிலோடு ஒட்டவைத்துவிட்டார்கள். நாலாவது வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் போனார். அங்கே முதல் வரிசை ஓரத்தில் இவருக்கென்று ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள். கடையைச் சாத்திவிட்டு ஓடிப்போய் எப்போதும் கடைசி வரிசையில் நிற்கிற மனிதர். திரும்பி வந்து அந்த நாற்காலியைப் பற்றியே இரண்டு நாள் பேசினார். இனி இந்த முட்டி எங்கே மடங்கப்போகிறது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஆறாவது வாரம் டாக்டரிடம் காட்டப் புதுச்சேரிக்குப் போனோம். மகன் அஷ்ரப் கடையைப் பூட்டிவிட்டுக் கார் ஓட்டினான். டாக்டர் அளந்து பார்த்தார், மறுபடியும் அளந்தார். முகம் சுருங்கிவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில் தொண்ணூறு வராவிட்டால் மயக்க மருந்து கொடுத்து, படுக்கவைத்து, தானே மடக்கிவிட வேண்டியிருக்கும் என்றார். அதெல்லாம் வேண்டாம், எனக்கு இதுவே போதும், நடக்கத்தான் முடிகிறதே என்றார் இவர்.

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பொறுத்துக்கொண்டிருப்பேன். எழுந்திருக்கும்போது என் பக்கம் கையைக் காட்டி, "இவளுக்கு வேணாம் டாக்டர், லிஸ்டுல இருந்து பேர எடுத்துடுங்க" என்றார்.

மூன்று வருஷமாக இந்த வலியோடு காத்திருக்கிறேன். அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல இவருக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். மகன் எதிரில், வெளி மனிதர் எதிரில் புருஷனோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து பாகூர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டேன். அஷ்ரப் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். வழியில் ஒரு கடையில் நிறுத்தி இவர் வாழைப்பழ பஜ்ஜி வாங்கித் தின்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போலத் தமிழ்க்குமரன் வந்தார். வந்தவரை நான் சும்மா விடவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் வருகிறீர்களே, என்னத்தைக் கிழித்தீர்கள், இவர் மாட்டேன் என்றால் அப்படியே விட்டுவிடுவதா, அதட்டி மடக்கத் தெரியாதா என்று வாசலிலேயே பிடித்துக் கொட்டித் தீர்த்தேன். கையில் டீ டம்ளர் வேறு. இவருக்கு எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன், மற்ற கையால் சுவரைப் பிடித்தபடி.

அந்தப் பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். காலையிலிருந்து பாய் எத்தனை தடவை தானாக எழுந்தார் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பாத்ரூம் போக ஒரு தடவை. டீயும் இட்லியும் மாத்திரையும் பேப்பரும் கண்ணாடியும் போனும் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாக்கரால் தரையைத் தட்டுவார், நான் போவேன்.

"பாய் மடக்காம இல்லம்மா. நீங்க மடக்க வுடல" என்றார் தமிழ்க்குமரன். கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "நான் அறுபதத் தாண்டறப்பலாம் போதும் வுடுங்க தம்பின்னு சொல்றது யாரும்மா? பாய் முன்னாடி பேரம் பேசுவாரு, மடக்கறப்ப போதும்னு ஒருநாளும் சொன்னதில்ல. அவுரு உங்க மொகத்தத்தான் பார்ப்பாரு."

எனக்குச் சுருக்கென்று தைத்தது.  முதல் வாரம் அவர் கத்திய கத்தல் தெருவரைக்கும் கேட்டது. முப்பத்தைந்து வருஷத்தில் அந்த மனிதர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஓடிப்போய்த் தமிழ்க்குமரனின் கையைப் பிடித்து இழுத்தவள் நான்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கதவோரம் நின்று, அவர் முகம் கோணுவதற்கு முன்பாகவே போதும் என்று சொல்லியிருக்கிறேன். இவர் மடக்கவில்லை, இவர் மடக்கவில்லை என்று ஊரெல்லாம் புலம்பினேன். என் ஆபரேஷனை நானே கதவோரம் நின்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவர்மேல் வந்த கோபத்தை விட என்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

அன்றைக்குத் தமிழ்க்குமரன் வேலையை முடித்துப் போகும்வரை நான் அந்த அறைப்பக்கம் போகவில்லை. அறுபத்தைந்து வந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை அஷ்ரப்பை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னேன். அம்மா பேர் இன்னும் எடுக்கவில்லை, டாக்டரே வைத்திருக்கச் சொன்னார் என்றார்கள். அடுத்த மாதம் இருபத்தொன்றாம் தேதி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். நேராக இவர் அறைக்குப் போய் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்காரும்போது வழக்கமாகப் பல்லைக் கடித்துச் சத்தத்தை அடக்கிக்கொள்வேன். அன்றைக்கு அடக்கவில்லை. அல்லா என்று வாய்விட்டே சொன்னேன். அவர் டிவியிலிருந்து திரும்பினார்.

"தேதி வாங்கிட்டேன். இருபத்தொண்ணு. எனக்கு ஆபரேஷன்" என்றேன்.

அவர் டிவியை அணைத்தார். நான் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். சமையலுக்கு யார், கடைக்குச் சாப்பாடு யார் என்று கேட்பார், கேட்டால் என்னென்ன திருப்பிக் கேட்க வேண்டும் என்று வரிசையாக மனசில் வைத்திருந்தேன். அவர் அதையெல்லாம் கேட்கவில்லை.

"வேணாம் ரசியா. நான்தான் பார்த்துட்டேன்ல. அந்த வலிய உன்னால தாங்க முடியாது" என்றார். 

யா அல்லா, இதற்காகத்தானா லிஸ்டிலிருந்து எடுக்கச் சொன்னார் என்று ஒரு கணம் மனசு இளகியது. மறுகணமே பற்றிக்கொண்டு வந்தது.

"நான் இப்ப தாங்கிக்கினு இருக்கறது இன்னாங்க?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. புடவையை முட்டிவரை தூக்கிக் காட்டினேன். இரண்டு முட்டியும் வீங்கி, உள்பக்கமாகக் கோணி, தோல் பளபளவென்று இருந்தது. நேற்று ஒரு நாளில் மட்டும் அவர் வாக்கர் தட்டியதற்கு இருபத்தாறு தடவை எழுந்தேன், எண்ணினேன் என்றேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வலித்தது, நீங்கள் கத்தினீர்கள், நான் கத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். சொல்லும்போது அழக்கூடாது என்று இருந்தேன். அழுதுவிட்டேன்.

அவர் என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். எக்ஸ்ரேயில் பார்த்தீர்களே, அதுதான் இது என்றேன்.  போனை எடுத்துத் தமிழ்க்குமரனைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமையா இருந்தா இன்னா தம்பி, நாளைக்கு வாங்க. தினமும் வாங்க. நான் கத்தினா கத்திக்கினு இருக்கேன், நீங்க பாட்டுக்கு மடக்குங்க. இருபத்தொண்ணாம் தேதிக்குள்ள நான் எழுந்து நடமாடணும். அவளுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் வேணும்" என்றார்.

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டது. இந்த நாலு வார்த்தையை ஆறு வாரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் இந்நேரம் தொண்ணூறைத் தாண்டியிருப்போமே. அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாய்ப் பழக்கத்தில், ஒரு டீ கொண்டு வா என்றார்.

எனக்கும் சேர்த்துப் போடுங்கள் என்றேன்.

என்னைப் பார்த்தார், விளையாடுகிறேனா என்று. நான் விளையாடவில்லை. காலைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கி, தரையில் ஊன்றி, பாதத்தைக் கட்டில் பக்கமாக இழுத்து முட்டியை மடக்கினார். முகம் கோணியது. வாயிலிருந்து சத்தம் வந்தது. போதும் என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தார், வாக்கரைப் பிடித்தார், எழுந்தார். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று சமையல்கட்டிலிருந்து கேட்டார்.

கீழ்த்தட்டில் என்றேன்.