ஒரு கட்டை கூட

"அந்தக் காலத்துல பம்பாயில பெரிய இந்திப் பாட்டுக்காரர் ஒருத்தரும் அவர்கூட டூயட் பாடற அம்மாவும் சண்டை போட்டுக்கிட்டு வருஷக்கணக்கா ஒண்ணா பாடலையாமே?" என்று கல்யாணமான புதிதில் கஸ்தூரி கேட்டாள்.

"சண்டை போடறதுக்கும் பேரு வாங்கியிருக்கணும். நமக்கு அந்தக் கவலை கிடையாது" என்று புகழேந்தி சிரித்தான்.

பிறகு பேர் வந்தது. ஆற்காட்டுப் பக்கத்துக் கல்யாணங்களில் பழைய இந்தி டூயட் என்றால் இந்தத் திருவண்ணாமலை ஜோடிதான். ஆனால் ஃப்ளெக்ஸில் அவன் படம் பெரிதாகவும் அவள் படம் ஓரத்தில் ஸ்டாம்ப் அளவிலும் இருந்தன. ஒன்ஸ்மோர் எல்லாம் அவனுக்கே. பொறுக்க முடியாமல், ஒரு கச்சேரியில் டூயட்டுக்கு முன் கீபோர்டு விமல்ராஜிடம் அவள் மெல்லச் சொன்னாள்: "ஒரு கட்டை ஏத்தி வைப்பா."

சரணத்தின் உச்சியில் அவள் குரல் பிசிறில்லாமல் நின்றது. அவன் குரல் உடைந்தது. முன்வரிசையில் சிரித்தார்கள்.

"தொண்டை போயிடுச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு அவன் சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்துகொண்டான். அவள் குரல் இனிக்கும்படி பார்த்துப் பார்த்து வைத்தான். வீட்டில் குளிக்கும்போதுகூட ஒரு வரி முணுமுணுப்பதில்லை. கைதட்டல் கேட்டால் அவளுக்கு உடம்பு கூசியது.

இன்று கிரிவலப் பாதை மண்டபத்தில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கல்யாணப் பெண்ணின் மாமா வந்தார். "டூயட்டுக்குச் சென்னையிலேர்ந்து ஒரு ஆளைக் கூட்டியாந்துட்டோம்மா. சாருக்குத்தான் தொண்டை போயிடுச்சாமே, பாவம்."

கஸ்தூரி நேராக மிக்ஸரிடம் போனாள்.

"ஏங்க, உங்க தொண்டைக்கு ஒண்ணும் ஆவலை. அன்னிக்கு நான்தான் சுருதிய ஏத்தச் சொன்னேன்."

புகழேந்தி ஒயரைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. "முதல் வரியிலேயே தெரிஞ்சுது. பாடறவனுக்கு இதுகூடவா தெரியாது?"

"அப்புறம் ஏன் நிறுத்தலை?"

"நிறுத்தியிருந்தா எல்லாரும் உன்னைத்தான் பார்த்திருப்பாங்க."

அந்தத் தொண்டைப் பொய்யும் தனக்காகத்தான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தலை நிமிர முடியவில்லை.

"பாடறதையே ஏங்க விட்டீங்க?"

"பக்கத்துல நிக்கறவ எப்போ காலை வாருவாளோன்னு பயந்துக்கிட்டு டூயட் பாட முடியாது கஸ்தூரி."

மேடையில் சென்னைக்காரர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். மாமா அவளைக் கை காட்டிக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை.

"மாட்டேன்னு சொன்னாலும் சரிங்க" என்றாள். "உங்களுக்கு எந்தக் கட்டை ஒத்து வருதோ அதுலயே வைக்கச் சொல்றேன். எனக்குக் கீழ எட்டாம போனாலும் பரவாயில்லை. எங்கூட பாடுங்க."