பனிக்கடியில் ஐந்தாவது பாத்தி

1

“அஞ்சாவது பாத்தின்னுதான ஐயா உங்க பாட்டுல இருக்கு?”

“இருக்கு தம்பி. அதான் பயமா இருக்கு.”

முதலில் வந்தவை இந்த இரண்டு வரிகள்தான். லத்தீனில் மூலிகைகளுக்குக் கவிதை எழுதிய பழங்காலத் துறவிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பேசுகிறவர்கள் யாரென்று பிறகுதான் தெரிந்தது.

2

கேட்பவர் எர்லவின், ஏரித்தீவு மடத்தில் நோயாளிகளைக் கவனிப்பவர். மற்றவர் இம்மோ, சிறுவயதில் இந்தத் தோட்டத்துப் பாத்திகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றி வளர்ந்தவர். அரசரின் கோபத்தால் வடக்கே துரத்தப்பட்டு, பதினெட்டு வருடம் இந்தத் தோட்டத்துக்கு ஏங்கியவர். அங்கிருந்தே அதைப் பாத்தி பாத்தியாகக் கவிதையாக்கி அனுப்பினார். போன வாரம்தான் படகில் திரும்பி வந்தார்.

தோட்டம் தெரிந்த பழைய மருத்துவர் இலையுதிர்காலத்தில் இறந்துவிட்டார். எர்லவினுக்கு இங்கே இது முதல் குளிர்காலம். செடிகள் மடிந்து, பாத்திகள்மேல் பனி. கையில் இருப்பது கவிதை மட்டும்.

உள்ளே பாடகர் கெரோ மூச்சு முட்ட இருமுகிறார். அவருக்கு இருமல் வேர் வேண்டும். பக்கத்துப் பாத்தியில் பேதி வேர். அதே தடிமன், அதே நிறம். மெலிந்த உடம்பில் அது இறங்கினால் ஆள் பிழைக்கமாட்டார்.

(முகர்ந்தால் தெரியாதா? தெரியும். எர்லவினுக்குச் சளி, இம்மோவுக்கு முதுமை. மூக்குகளை நான்தான் அடைத்தேன்.)

3

வெள்ளிப் போர்வை போர்த்திய அந்தப் பிற்பகலில், காலம் தன்

வேண்டாம். பனி பெய்தது.

4

ரோஜாவுக்கு இருபது வரி, இருமல் வேருக்கு மூன்றே வரி, அதிலும் இரண்டு ஏரியைப் பற்றி என்று எர்லவின் குத்திக்காட்டினார். இம்மோ சிரிக்கவில்லை.

“ரெண்டு பாத்திய எடம் மாத்தி எழுதினேன். கேக்க நல்லா இருந்துச்சு. எந்த ரெண்டுன்னு ஞாபகமில்ல. தெனமும் சொல்லிச் சொல்லி, இப்ப கண்ண மூடினா பாட்டுதான் வருது தம்பி. தோட்டம் வரமாட்டேங்குது.”

இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். இம்மோ பொய் சொல்கிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். இல்லை. ஏக்கம் அப்படித்தான் செய்யும்.

5

ஒரு முடிவில், ஈஸ்டர் அன்று கெரோ பாடினார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் அவரைப் புதைத்தார்கள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். மூன்றாவது உங்களிடம் இருக்கலாம். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்:

உள்ளே இருமல் நின்று, மறுபடி தொடங்கியது. எர்லவின் மண்வெட்டியைக் கீழே வைத்தார். காலிக் குடம் ஒன்றைக் கொண்டுவந்து இம்மோவின் இடுப்பில் வைத்தார்.

“பாட்ட விட்டுருங்க ஐயா. சின்ன வயசுல இங்க தண்ணி ஊத்திக்கிட்டே போவீங்கல்ல, அந்த மாதிரி ஒரு தடவ நடந்து காட்டுங்க.”