வெற்றாக விட்ட கட்டம்

காதல் பாட்டு என்றால் எல்லோரும் முதலில் சொல்வது அந்தப் பாட்டைத்தான். முப்பது வருஷத்தில் அதைப் பதினாறு பேர் மறுபடி பாடிவிட்டார்கள். ஒருவர் வெறும் கிடாரோடு, ஒருத்தி அழுதுகொண்டே, ஒரு கூட்டம் ஆட்டம் போட்டுக்கொண்டு. யார் என்ன கூத்தடித்தாலும் மூன்றாவது அடி முடிந்ததும் வாத்தியங்கள் கப்சிப்பென்று நின்றுவிடும். நான்கு எண்ணிக்கைக்கு மௌனம். பாடுகிறவர் மூச்சிழுப்பது மட்டும் கேட்கும். கேட்கிறவருக்கு நெஞ்சை அடைக்கும்.

அந்த மௌனம் அத்தையுடையது. சொன்னால் யார் நம்புகிறார்கள்?

இசையமைப்பாளர் எழுதியதை வாத்தியக்காரர்களுக்குப் படியெடுத்துக் கொடுப்பதுதான் அப்போது அத்தையின் வேலை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற பதற்றத்தில், பன்னிரண்டு தாளிலும் நான்கு சுரங்கள் வரவேண்டிய ஒரே கட்டத்தை வெற்றாக விட்டுவிட்டாள். ஒலிப்பதிவில் அத்தனை பேரும் சட்டென்று நிறுத்த, பாடகி திடுக்கிட்டு மூச்சிழுத்தாள். இசையமைப்பாளர் தாம்தூம் என்று குதித்து, அப்போதே அத்தையை வேலையைவிட்டுத் துரத்தினார். மறுபடி பதிய நேரமில்லாமல் அதுவே வெளியாகி, பாட்டு பிய்த்துக்கொண்டு போனதும் மௌனம் தன் யோசனை என்று பேட்டி கொடுத்தார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! வாத்தியக்காரர்களும் பிழைப்பை நினைத்து வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை வானொலியில் அந்தப் பாட்டின் கதை. விருந்தாளி அவரேதான். "அந்த மௌனம் கனவுல வந்ததும்மா" என்று அறிவிப்பாளரிடம் அளந்துகொண்டிருந்தார். அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன் போடு" என்றாள் மருமகளிடம்.

"மறுபடியும் அந்தக் கதையா அத்தை? மானம் போயிடும்."

"போடுன்னா போடு!"

லைன் கிடைத்தது. அத்தை படபடவென்று கொட்டித் தீர்த்தாள். "இதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?" என்று அறிவிப்பாளர் இழுத்தாள்.

"இருக்கு. அந்தக் கட்டத்துல இவர் எழுதினதை இதுவரைக்கும் யாரும் வாசிச்சதில்ல. கேளுங்க."

துரத்தப்பட்ட அன்று மூலத்தாளில் பார்த்த நான்கு சுரங்கள், முப்பது வருஷமாக அவள் நெஞ்சிலேயே கிடந்தவை. அத்தை கணீரென்று பாடினாள்.

வானொலியில் சத்தமே இல்லை. மருமகள் தன்னை அறியாமல் விரல் விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு இசையமைப்பாளர் மூச்சிழுப்பது கேட்டது.

"அதேதான்" என்றார். "நான் எழுதினது அதேதான். அதை வாசிச்சிருந்தா இந்தப் பாட்டை ஒருத்தரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாங்க. அந்த மௌனம் இந்தம்மாவோடது. மன்னிச்சிடும்மா."

அத்தை தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது, துடைக்கவில்லை. மருமகளோ ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"அக்கா, ரேடியோ கேட்டீங்களா? எங்க அத்தை!"