செவலை நிற்கும் இடம்

புளியங்குச்சியால் நிலைப்படியில் ஓங்கி ஓர் அடி. படிமேல் முன்னங்காலை வைக்கப்போன நாய்க்குட்டி வீலென்று கத்திக்கொண்டு பின்னால் சரிந்தது. அடி அதன்மேல் படவில்லை, மரத்தில்தான் விழுந்தது. ஆனாலும் கண்ணுசாமியின் கை அப்படி. "இதுக்கு மேல ஒனக்கு வேலை இல்ல. அங்கிட்டே கெட" என்றான். குன்றாண்டார்கோவில் பக்கம் மாடு பிடிக்கப் போனவன், மாடு தோதுப்படாமல் இந்தச் செவலைக் குட்டியைத் துண்டில் முடிந்துகொண்டு வந்திருந்தான். கடலைக் கொல்லையில் பன்றித் தொல்லை தாங்கவில்லை. காவலுக்கு வந்த நாய் காவலுக்குத்தான், கொஞ்சுவதற்கு இல்லை என்பது அவன் கட்சி. வீட்டுக்குள் காலே வைக்கக் கூடாது, அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்டக் கூடாது, மஞ்சணத்தி மரத்தடியில் கிடக்கும் பானை ஓட்டில் ஊற்றுகிற கஞ்சியைக் குடித்துவிட்டுப் பேசாமல் கிடக்க வேண்டும். வந்த அன்றைக்கே இவ்வளவு சட்டமும் போட்டாகிவிட்டது.

"அது சின்னப்புள்ளதானய்யா. அதுக்கு என்னா தெரியும்?" என்றாள் மகள் மூக்காயி. ஏழு வயது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. இதாவது தங்கட்டும் என்று பிறந்த கையோடு மூக்கைக் குத்தி அந்தப் பேரை வைத்தார்கள். ஊரில் யாருக்கும் இளகாத கண்ணுசாமி அவளிடம் மட்டும் கொஞ்சம் இளகுவான். நாய் விஷயத்தில் அதுவும் நடக்கவில்லை.

பத்தே நாளில் குச்சிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவன் தொண்டையைச் செருமினால் போதும், செவலை படிக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடும். மூக்காயி படிக்கு உள்ளே உட்கார்ந்து காலை வெளியே நீட்டுவாள். அது அவள் பாதத்தில் தலையை வைத்துத் தூங்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் கண்ணுசாமி ஒரு கருவாட்டுத் துண்டை உள்ளே எறிந்து வேடிக்கை காட்டுவான். எச்சில் ஒழுகும், வால் தரையைக் கூட்டும், கால் மட்டும் நகராது. "பள்ளிக்கூடத்துப் புள்ளககூட இப்புடிக் கேக்காது" என்பான். கலெக்டர் உத்தியோகம் கிடைத்தவன் மாதிரி இருக்கும் அவன் முகம்.

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்துவிட்டான் என்று சந்தையில் பேச்சு அடிபட்ட அந்தப் பங்குனியில் மூக்காயிக்கு அம்மை போட்டது. நிலையில் வேப்பங்கொத்து ஏறியது. நார்த்தாமலை ஆத்தா இறங்கியிருக்கும் வீடு. தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, வெளியே போய் வந்தவன் கால் கழுவாமல் பிள்ளையண்டை போகக் கூடாது, நாயின் நிழல்கூட உள்ளே விழக் கூடாது. சட்டம் போட்டே பழகியவன் இப்போது எதற்கும் மனைவி இருளாயியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடியெடுத்து வைத்தான்.

ஐந்தாம் நாள் அம்மை முத்து தொண்டைக்குள்ளும் இறங்கிவிட்டது. முந்தின நாள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் உள்ளே போகவில்லை. புகட்டிய இளநீர் கடைவாயில் வழிந்து, படுக்கையாகப் பரப்பியிருந்த வேப்பிலையை நனைத்தது. உதடு வெடித்துக் கறுத்திருந்தது. தை மாதம் அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தபோது, மகளை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்து, பிள்ளை மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று கூசாமல் பொய் சொன்னவன் கண்ணுசாமிதான். குத்தி ஏதாவது ஆகிவிட்டால் என்கிற பயம். இரண்டைப் புதைத்தவனுக்கு எல்லாமே பயம்தான். அதை இருளாயி இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

உச்சிப்பொழுதில் மூக்காயி முனகினாள். "செவலை எங்கய்யா?"

"வெளிய கெடக்கு தாயி. நீ ஒரு வாய் குடி."

"அது வந்தா குடிக்கிறேன்."

இருளாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. நாய் தீட்டு. ஆத்தா பொறுக்க மாட்டா."

"தண்ணி எறங்கலேன்னா எவ பொறுத்து என்னா புள்ள?" சொன்ன பிறகு அவனுக்கே திக்கென்றது. ஆனாலும் எழுந்துவிட்டான்.

"செவலை, வா" என்றான் படியில் நின்று. அது எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்து, தன் இடத்தில் நின்றது. "உள்ள வா." வால் நின்றுபோயிற்று. அவன் குனிந்து இரண்டு கையையும் நீட்டினான். குட்டி வயிறு தரையில் ஒட்டப் படுத்து, படுத்த இடத்திலேயே மூத்திரம் விட்டது. அள்ளி எடுத்துக்கொண்டு போய் மகள் பக்கத்தில் விட்டான். விட்ட கை எடுக்குமுன் அது ஒரே தாவாகப் படியைத் தாண்டி வெளியே ஓடி, பழைய இடத்தில் நின்று நடுங்கியது.

மூக்காயியின் கண் ஒட்டிப்போயிருந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை. ஓடிய சத்தத்தை மட்டும் கேட்டாள். "அடிக்க மாட்டேன்னு சொல்லுங்கய்யா அதுகிட்ட" என்றாள்.

கண்ணுசாமி தன் பிறவியில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. "அடிக்க மாட்டேன்" என்றான். குரல் கரகரத்தது. செவலைக்குச் சொல் புரியவில்லை, குரல்தான் புரிந்தது. அது இன்னும் ஒரு முழம் பின்னால் போயிற்று. தன்னைக் கண்டு ஒரு சின்ன உயிர் இப்படி நடுங்குவதை நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்பட்டோமே என்று நினைத்தபோது அவனுக்கு அவமானமாக இருந்தது.

அவன் படியின் குறுக்கே குப்புறப் படுத்தான். தலை வெளியே, கால் உள்ளே. படி மரம் அவன் உடம்புக்கு அடியில் மறைந்தது.

"வாசப்படியில படுக்கக் கூடாதுங்க" என்றாள் இருளாயி, அழுதுகொண்டே.

முகம் தெரிந்தால் அது வராது என்று நெற்றியை மண்ணில் அழுத்திக்கொண்டான். வெயில் பிடரியைச் சுட்டது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தோளில் ஈரமாக ஒரு மூக்கு பட்டுவிட்டு விலகியது. திரும்ப வந்தது. முதுகில் ஒரு கால் ஏறியது, அப்புறம் இன்னொரு கால். நகம் தோலில் பதிய, குட்டி அங்கேயே நின்றது. கண்ணுசாமி மூச்சை அடக்கிக்கொண்டான். உள்ளே இருளாயி இளநீர்க் கிண்ணத்தை மகளின் உதட்டருகே பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.