வல்லூறு வகைப் போர்க்கப்பல்

எழுபத்து நாலாம் வருஷம் சின்னக்கானல் எஸ்டேட் மாரியம்மன் கோயில் கொடைவிழாவுக்கு விண்வெளி நாடகம். எழுதியது கிளார்க் தாணுலிங்கம். தாய்க்கப்பலின் தளபதி வேஷமும் அவருக்குத்தான். எழுதுகிறவன் தனக்குச் சாகிற வேஷமா எழுதிக்கொள்வான்?

தாய்க்கப்பலுக்கு முன்னே பறந்து உளவு பார்ப்பதும், காவல் காப்பதும், எதிரி சுட்டால் முதலில் எரிவதும் ‘வல்லூறு’ வகைப் போர்க்கப்பலின் வேலை. வல்லூறாம்! தேயிலைப் பெட்டிப் பலகையில் ஈயத்தாள் ஒட்டி, பொய்க்கால் குதிரைக் கூடு மாதிரி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஓட்டைப் பெட்டி. அதைக் குதிரையாட்டக்காரன் பேச்சிமுத்துவின் தலையில் கட்டினார்கள்.

“நாப்பது வயசுல எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டிருக்கேன் சார். ஒரே ஒரு வசனம் குடுங்க.”

“எரியிற கப்பலுக்கு என்னலே வசனம்? செத்து விழு, போதும்.”

மேடையில் கொட்டுக்காரர்கள் பழக்கதோஷத்தில் குதிரையாட்டத்துக்கான அடியையே அடிக்க, வல்லூறு விண்வெளியில் துள்ளித் துள்ளி ஓடியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எதிரிக் கப்பலிலிருந்து ஓலைவெடி வெடித்தது. பேச்சிமுத்து விழவில்லை. திரும்பி வந்து தளபதியின் முன்னால் நின்றான்.

“சாவுலே!” என்று பல்லைக் கடித்தார் தாணுலிங்கம்.

“எதிரி அந்தா நிக்கான் தளபதி,” என்றான் பேச்சிமுத்து, கூட்டம் முழுக்கக் கேட்கும் குரலில். “உளவு பாத்துச் சொல்லிட்டேன். எரியிறதுக்கு நீங்க போங்க.”

கைதட்டல் அடங்குமுன் கப்பலைக் கழற்றி அவர் காலடியில் போட்டுவிட்டு இறங்கிப் போனான்.