ஒட்டாத மூலை

குளியலறைக் கதவைத் திறந்தால் சுப்பராயன் வாளியைப் பார்ப்பதில்லை, குழாயைப் பார்ப்பதில்லை. நேரே மூலையைத்தான் பார்ப்பான். அன்றைக்கும் குனிந்தான். சுவர் டைல்ஸும் தரை டைல்ஸும் சேருகிற இடத்தில், ஐந்து நாளைக்கு முன் அவன் கையாலேயே வைத்த வெள்ளை சிலிக்கான் ஒரு சாண் நீளத்துக்கு எழும்பி நின்றது. நுனியைப் பிடித்து இழுத்தான். தோல் ஓரத்தில் வெட்டிப்போடும் வார்போல, அறுபடாமல் முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

"எவனோ உரிச்சி உட்டுட்டான்."

வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி தேவகி திரும்பிப் பார்க்கவில்லை. "யாரு வந்து உரிக்கப்போறா? வாழப்பழமா அது?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கீழேயிருந்து கஃபார் பாயின் குரல் வந்தது. "சுப்பராயா, மறுபடி சொட்டுதுப்பா. எறங்கி வந்து பாரு."

அது இரண்டாவது தடவை.

ஆம்பூரில் அந்த வீட்டின் கீழ்த்தளம் தோல் கிடங்கு. ஷூ கம்பெனிகளுக்குப் போகவேண்டிய தோல்கள் அங்கே கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். வீட்டுக்காரர் ரஷீத் அஹமது பக்கத்துத் தெருவில் இருந்தார். கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மச்சான் அப்துல் கஃபார். மாடியில் சுப்பராயனும் தேவகியும் குடி. குளியலறை வீட்டுக்குள் இல்லை, படிக்கட்டு ஏறியதும் இடப்பக்கம். மொட்டைமாடிக்குப் போகிற யாரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

முதல் தடவை சொட்டியபோது மூன்று கருப்புத் தோலில் வட்டவட்டமாகக் கறை விழுந்தது. ரஷீத் பாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மேலே வந்து, மூலையில் சிமெண்ட் விட்டுப்போன இடுக்கைக் காட்டினார். "இத நீ அடைப்பியோ, ஆள வச்சி அடைப்பியோ. மூணாவது வாட்டி சொட்டுச்சுன்னா வேற வீடு பாத்துக்க. தோல் என்னுது இல்லப்பா, கம்பெனிக்காரனுது."

மூன்று வருஷத்தில் அது அவர்களுக்கு மூன்றாவது வீடு. தேவகி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். கம்பெனி பஸ் அந்தத் தெருமுனையில் நின்றது. அவன் வேலை செய்த தோல் தொழிற்சாலை சைக்கிளில் பத்து நிமிஷம். இரண்டு பேருக்கும் இப்படி வாய்க்கிற வீடு இன்னொன்று கிடைக்காது. இரண்டாயிரத்து மூன்றில் ஆம்பூரில் வீடு தேடி அலைந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆள் வைத்து அடைக்க அவனுக்கு மனசில்லை. எந்த ஆள்மேலும் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. வேலூர் லாங் பஜாருக்குப் போய், ரப்பராக இறுகுகிற சிலிக்கான் பசை டியூபும் அதைப் பிதுக்குகிற கன்னும் வாங்கிவந்தான். "ஈரம் கூடாது, தூசி கூடாது, எண்ணெப் பிசுக்கு கூடாது. மத்தபடி டைல்ஸே பேந்தாலும் இது பேராது," என்று கடைக்காரர் சொல்லியனுப்பினார்.

அப்படியே செய்தான். உடைந்த ரம்பப் பிளேடால் பழைய சிமெண்டைச் சுரண்டி எடுத்தான். இரண்டு நாள் மேலே யாரும் குளிக்கவில்லை, மூலை சருகுபோலக் காய்ந்தது. கடைசியாக இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி இடுக்கின் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தான். தொழிற்சாலையில் கை துடைக்கக் கொடுக்கிற பனியன் துணி அது. ஆம்பூரில் தோல் வேலைக்காரன் வீட்டில் சைக்கிள் துடைப்பதும் ஸ்டவ் துடைப்பதும் அந்தத் துணியால்தான். துடைத்த இடம் கண்ணாடியாகப் பளபளத்தது. பிறகு இரண்டு ஓரமும் டேப் ஒட்டி, நடுவில் சிலிக்கானை நிதானமாக இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் தடவி, அது இறுகுமுன் டேப்பை உரித்தான். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படவிடவில்லை. தன் வேலையில் குறை சொல்ல அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. குறை தேடுவதில் அவன் சோம்பேறியும் இல்லை.

ஆகவே, குறை வேலையில் இல்லை. ஆளில்தான்.

கீழே இறங்கிப் போனான். இந்தத் தடவை சொட்டு தோலில் விழவில்லை. கட்டுகளின் மேல் தார்ப்பாய் விரித்திருந்தது. அதுவே அவனுக்கு உறுத்தியது. சொட்டும் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

"தார்ப்பாய் எப்ப போட்டீங்க பாய்?"

"மொதல்ல சொட்டுன அன்னிக்கே. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"ரெண்டு ஆச்சு. மச்சான்கிட்ட நான் சொல்லாம இருக்க முடியாதுப்பா."

"சொல்லுங்க. அதானே வேணும்."

கஃபார் பாய் அவனை ஒருமாதிரி பார்த்தார். பிறகு, "டீ சாப்டியா?" என்றார். எப்போதும் கேட்பதுதான். தினமும் டீ சாப்பிட்டாயா என்று கேட்கிற மனுஷன் எதையோ மறைக்கிறான் என்று சுப்பராயனுக்குப் பட்டது. அவர் மகனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாடி காலியானால் யாருக்கு வசதி? போன வாரம் மொட்டைமாடிப் படியில் அவருடைய செருப்பு கிடந்ததையும் அவன் பார்த்திருந்தான்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தான். சுரண்டினான், காயவிட்டான், இடுப்புத் துணியால் இந்தத் தடவை இரண்டு முறை துடைத்தான். சிலிக்கான் வைத்து முடித்ததும் கதவில் ஒரு பூட்டுப் போட்டான். சாவி இரண்டு. ஒன்று அவன் சைக்கிள் சாவியோடு, இன்னொன்று தேவகியிடம். மறுநாளே கஃபார் பாய் தோல் வியாபாரமாகச் சென்னைக்குக் கிளம்பிப் போனார்.

நாலாம் நாள் பூட்டைத் திறந்து குனிந்தான். உள்ளங்கை நீளத்துக்கு எழும்பியிருந்தது. கீழே சொட்டத்தான் இன்னும் தொடங்கவில்லை.

வேறொருவனாக இருந்தால், இதை யாரும் உரிக்கவில்லை என்று அந்தப் பூட்டே சொல்லியிருக்கும். சுப்பராயன் இன்னொரு சாவியை நினைத்தான்.

சாயங்காலம் அடுப்படி வாசலில் நின்று கேட்டான். "ராணிப்பேட்டைல உங்க அக்கா வூட்டாண்ட ஒரு போர்ஷன் காலின்னியே. இன்னும் காலியாத்தான் இருக்குதா?"

"எனக்கு இன்னா தெரியும்? சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு."

"இத காலி பண்ணா அங்க போயிடலாம்ல."

தேவகி கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் உரிச்சேன்றீங்களா?"

"சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட கீது."

அவள் சத்தம் போடவில்லை. "லாரில லோடு ஏத்துற எடத்துல, மூணு பக்கம் பொடவய கட்டினு கீழ் கொழாய்ல குளிச்சது யாரு? நீங்களா? விடியறதுக்குள்ள எழுந்து போயி, எவன் வர்றான் எவன் பாக்குறான்னு பேஜார் பட்டது நான். அத இன்னும் பத்து நாள் படணும்னு நானே உரிச்சேனாக்கும்."

தாலிக்கயிற்றில் ஊக்குப் போட்டு மாட்டியிருந்த சாவியைக் கழற்றி அடுப்பு மேடைமேல் வைத்தாள். அவன் அந்தச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் வேலைக்குப் போனான். அவனுக்கு ஸ்பிரே மெஷினில் வேலை. வேலை முடிந்த தோலுக்குக் கடைசியாக ஒரு மருந்து அடிப்பார்கள். அது ஏறினால்தான் தோல் வழவழவென்று வரும். மேலே தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓடிவிடும். பதினோரு வருஷமாக அதை அடித்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் பேக்கிங் மேஜையோரம் நின்று டீ குடிக்கும்போது கை தவறிக் கொஞ்சம் ஒரு கட்டின் பாலிதீன்மேல் கொட்டியது. இடுப்புத் துணியை உருவித் துடைத்தான். பேக்கிங் ஆள் பாண்டியன் வந்து அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டினான். விழுந்தது. எடுத்து மறுபடி அழுத்தினான். மறுபடி விழுந்தது.

"இத எவன்யா தொடச்சது?"

"நான்தான். டீ கொட்டிச்சு."

"உன் துணியிலயா? ஸ்பிரே துணில தொடச்சா ஸ்டிக்கர் எந்த ஜென்மத்துல ஒட்டும்? அந்த மருந்து அடிக்கிறதே மேல எதுவும் ஒட்டக்கூடாதுன்னுதானே. பதினோரு வருஷம் சர்வீஸாம், போய்யா."

சுப்பராயன் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாப்பாட்டுப் பையைத் திறந்தான். முதல் தடவை உரிந்துவந்த சிலிக்கான் வாரைச் சாட்சியாக இருக்கட்டும் என்று அதில்தான் சுருட்டி வைத்திருந்தான். மேல்பக்கத்தில் நகக்குறி இருக்கிறதா, பிளேடு பட்டிருக்கிறதா என்று எத்தனையோ முறை பார்த்தாயிற்று. இப்போதுதான் அடிப்பக்கத்தைத் திருப்பினான். கண்ணாடிபோல வழவழப்பு. டைல்ஸைப் பிடித்த தடம் ஒரு பொட்டு இல்லை. பிடித்திருந்ததை ஒருவன் உரித்திருந்தால் பிய்ந்துதான் வந்திருக்கும். இது பிடிக்கவே இல்லை.

பெயிண்ட் கடையில் தின்னர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மூலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தான். தோல்மேல் நிற்பதுபோலவே முத்துமுத்தாக நின்றது. பெட்டியிலிருந்து தன் பழைய வேட்டியை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்தான். தின்னரில் நனைத்துத் துடைத்தான். ஒருமுறை துடைத்த துண்டை மறுமுறை தொடவில்லை. பதினான்கு துண்டு ஆனபிறகு தெளித்த தண்ணீர் உருளாமல் பரவியது.

தேவகி வாசலில் வந்து நின்றாள். "வேட்டிய ஏன் கிழிச்சீங்க?"

"ஃபேக்டரித் துணில மருந்து பிசுக்கு கீது. அது பட்டா ஒட்டாது."

அவள் குவிந்து கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். "அப்ப உரிச்சது நீங்கதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூன்று நாள் காயவிட்டு, சிலிக்கான் வைத்து, மறுபடி இரண்டு நாள் விட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை ரஷீத் பாய் வந்தார். தண்ணீர் போகும் ஓட்டையில் பாலிதீன் சுற்றிய துணியைத் திணித்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினார்கள். சென்னையிலிருந்து திரும்பியிருந்த கஃபார் பாய், சொட்டினால் தரையில் தெரியவேண்டும் என்று தார்ப்பாயைச் சுருட்டித் தோல் கட்டுகளையும் ஓரமாகத் தள்ளியிருந்தார். சுப்பராயன் அன்று முழுக்கக் கீழே உட்கார்ந்து கூரையைப் பார்த்தான். சாப்பிடப் போகவில்லை. தேவகி கூப்பிடவும் இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு ரஷீத் பாய் ஸ்டூல்மேல் ஏறி, கூரையில் பழைய கறை இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டார். "சரி, இருந்துக்க," என்றார். அவ்வளவுதான்.

"டீ சாப்டியா?" என்றார் கஃபார் பாய்.

"இல்ல பாய்."

வாங்கிக் கொடுத்தார். குடித்தான். தன்னை இவன் என்ன நினைத்திருந்தான் என்பது அவருக்குத் தெரியாது. சுப்பராயனும் சொல்லவில்லை.

தேவகிக்குத் தெரியும்.

மேலே போய்ப் பூட்டுக் கொண்டியைக் கழற்றினான். அவளுடைய சாவியை எடுத்து நீட்டினான். "இனிமே பூட்டு இல்ல."

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கி வேற எதுனா உரியும்."

கதவில் நாலு ஸ்க்ரூ ஓட்டை இருந்தது. டியூபில் மிச்சமிருந்ததை வைத்து அடைக்கலாம் என்று உட்கார்ந்தான். அடைக்குமுன் துடைக்கவேண்டும். கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே துணி இல்லை. உள்ளங்கையாலேயே துடைக்கப் போனான்.

"மொதல்ல கைய மோந்து பாருங்க," என்றாள் தேவகி, தையல் துணியிலிருந்து தலை நிமிராமல்.

மோந்து பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையிலும் மருந்து வாசனைதான். சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.