மூன்றாம் நாள் கட்டம்

“காலியா இருந்தா உடனே ரொப்பிடணுமா? இது என்ன உங்க பள்ளிக்கூடமா?”

இந்தக் கேள்வி மூன்றாம் தடவை வந்தபோது, மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ரொம்ப மெதுவாக எடுக்க ஆரம்பித்தார்கள். கேட்டவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பிள்ளைகள் அழுவதற்குள் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுகிற கை. அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்பது கட்டடத்தில் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பதில் சொல்ல வேண்டியவர் அவள் கணவர். இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்கு டைம்டேபிள் போடுகிறவர். அக்கம்பக்கத்தில் பெல் வாத்தியார் என்றால்தான் தெரியும். குளியலறைக்குக்கூட முறை போட்டிருக்கிறார் என்று பேச்சு. வதந்தி இல்லை, குழாய் ரிப்பேருக்குப் போனவர் கதவில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

சண்டை குளிர்கால விடுமுறையைப் பற்றியது. ஐந்து நாள், ராஜாக்கள் ஆண்ட இரண்டு பழைய நகரங்கள். அங்கே தங்கி, காலையில் பக்கத்து ஊர்களுக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்புவது. குளிர்காலத்தில் கோட்டைகளை நாலு மணிக்கே பூட்டிவிடுவார்களாம். அதனால் வாத்தியார் ஒவ்வொரு நாளையும் எட்டு பீரியடாக வெட்டி, ஆளுக்கு ஒரு பத்தி ஒதுக்கி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். அரண்மனைக்கு இரண்டு பீரியட். சாப்பாட்டுக்கு அரை. தாளில் மூன்றாவதாக ஒரு பத்தி இருப்பதைப் பார்த்துத்தான் நாத்தனாரும் வருகிறாள் என்பதே அவளுக்குத் தெரிந்தது. சரி, அதையும் விழுங்கிக்கொண்டாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மூன்றாம் நாளை விட்டுவிடுங்கள். இரண்டாவது நகரத்திலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் அவள் அக்காவின் ஊர். அக்கா அடுத்த மாதம் கடல் கடந்து மகனோடு போய்விடப் போகிறாள். திரும்பி வருகிற உத்தேசமில்லை. எட்டு வருஷமாகப் பார்க்காத அக்கா. வாத்தியாரும் தலையை ஆட்டினார்.

ஆனால் காலிக் கட்டத்தைப் பார்த்தால் அவருக்குக் கை நிற்காது. பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியட் காலியாகக் கிடந்தால் நாற்காலி பறக்கும் என்று பயந்தே பழகியவர். ஒரு வாரம் அந்தக் கட்டம் அவரை உறுத்தியது. அடுத்த நாளே அதில் ஒரு ஏரி, ஒரு மணிக்கூண்டு, மெழுகு பொம்மைக் கூடம் என்று நிரப்பி, பேர் போட்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டார்.

“உங்கக்காகிட்டதான் போன்ல முகம் பாத்தே பேசலாமே,” என்றார்.

“ஒரு நாளுக்கா அண்ணி இவ்ளோ சத்தம்?” என்று நாத்தனாரும் எட்டிப் பார்த்தாள்.

“உன் அண்ணன் பக்கத்துலயே இருக்காரு. ஒரு நாள்னு சொல்ல உனக்கு வாய் வரும்.”

அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. மறுநாள் ஃபிரிட்ஜில், டைம்டேபிளுக்குப் பக்கத்தில் ஒரு லீவு லெட்டர் ஒட்டியிருந்தது. ‘மூன்றாம் நாள் எட்டு பீரியடும் எனக்கு விடுப்பு. காரணம் அக்கா. மாற்று ஏற்பாடு உங்கள் பொறுப்பு.’

வாத்தியாருக்கு லீவு லெட்டரைப் பார்த்தால் கோபம் வராது, வேலை வந்துவிடும். உடனே பென்சிலை எடுத்தார். மனைவியின் பத்தியில் அவர் கையாலேயே எழுதியிருந்தவை: வெந்நீர்க் குடுவை, டிக்கெட் பை, வழி விசாரிப்பது, ஒவ்வொரு வாசலிலும் நாத்தனாரை போட்டோ எடுப்பது. அத்தனையையும் தங்கை பெயருக்கு மாற்றினார்.

“நான் ஊர் பாக்க வரேனா, பை தூக்க வரேனா?” என்று நாத்தனார் குதித்தாள்.

“அதையேதான் நானும் கேக்கறேன்,” என்றாள் அண்ணி.

பயணத்தின் மூன்றாம் நாள் பனிமூட்டத்தில் அவள் விடுதிப் படியிறங்கியபோது, பேர் போட்ட டிக்கெட் வீணாகுமே என்று வாத்தியார் வாசல் வரை வந்தார். “ஆகட்டும்,” என்றாள், திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா வீட்டில் சுவரெல்லாம் காலி. உட்கார நாற்காலிகூட இல்லை.

“இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?” என்றாள் அக்கா. அவளும் கோபத்தில்தான் இருந்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மத்தியானம் வரை சண்டை போட்டார்கள். அப்புறம் சேர்ந்து பாத்திரங்களைத் தாளில் சுற்றினார்கள். சாயங்கால ரயில் போயிற்று. அவள் போகவில்லை. நாலாம் நாளும் போகவில்லை. ஐந்தாம் நாள் அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து, ஃபிரிட்ஜிலிருந்த இரண்டு தாளையும் கிழித்தாள்.

அக்கா சொன்னபடி அடுத்த மாதம் விமானம் ஏறினாள். அண்ணி இல்லாத அன்றைக்கு நாத்தனாரை விதவிதமாக போட்டோ எடுத்துத் தந்தவர் மணிக்கூண்டு டிக்கெட்காரர். ஆறு மாதத்தில் அவரையே கல்யாணம் செய்துகொண்டு அவள் அங்கேயே போய்விட்டாள். பரிசோதனைக் கூடம் அக்காவின் ஊரில் கிளை திறந்தபோது முதலில் கை தூக்கியவள் வாத்தியார் மனைவி. அக்கா வீட்டில்தான் இப்போது இருக்கிறாள், வாடகைக்கு. வாத்தியார் மட்டும் இந்தக் கட்டடத்திலேயே இருக்கிறார். அவள் கூப்பிடுகிற சனிக்கிழமைகளில் ரயில் ஏறுகிறார். கூப்பிடாத வாரங்கள்தான் அதிகம்.